பெயரும் முகவரியும்



சென்ற மாதம் என் தாயாரின் பழைய மரப்பெட்டியைத் திறந்து அடுக்க வேண்டி வந்தது. வீட்டுப் பத்திரத்தின் நகல், தந்தையார் எழுதிய கடிதங்கள், மஞ்சள் படிந்த சில நிக்காஹ் அழைப்பிதழ்கள் ஆகியவற்றின் நடுவே ஓர் அட்டை கிடைத்தது. ரமளான் மாதத்து ஸஹர், இஃப்தார் நேர அட்டவணை அது. மேற்பகுதி கிழிந்து போயிருந்தது. ஹிஜ்ரி ஆண்டும் ஆங்கில ஆண்டும் அந்தக் கிழிசலோடு போய்விட்டன. நடுவில் கிழமை, தேதி, நேரம். ஓரத்தில் நோன்பின் நிய்யத். அடியில் இரண்டு விரல் அகலமுள்ள கட்டங்களில் ஐந்து கடைகளின் விளம்பரங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் என் தாயார் பிறந்த ஊர். அந்த ஐந்து கடைகளும் அவ்வூர்க் கடைகளே. ஒன்று மளிகைக் கடை; ஒன்று ஜவுளிக் கடை; ஒன்று தையற்கடை; ஒன்று வாடகை சைக்கிள் நிலையம்; மற்றொன்று திருமணங்களுக்குப் பந்தல் சாமான், பாத்திரம், பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்குத் தரும் நிலையம். ஒவ்வொரு கட்டத்திலும் உரிமையாளர் பெயர் முன்னெழுத்தோடு இருந்தது. அதன்கீழ் தெருவின் பெயர். அதன்கீழ் ‘பள்ளிவாசல் அருகில்’ என்றோ, ‘பஸ் நிறுத்தம் எதிரில்’ என்றோ ஓர் அடையாளம். தொலைபேசி எண் ஒன்றிலும் இல்லை.

இந்த அட்டை எந்த ஆண்டினது? தாயாரிடம் கேட்டேன். “உன் அக்காள் அப்போது கைக்குழந்தை” என்றார்கள். அதற்கு மேல் நினைவில்லை. சரி, அட்டையிடமே கேட்போம் என்று உட்கார்ந்தேன்.

அட்டை சொன்ன ஆண்டு

அட்டவணையின் ஆங்கிலத் தேதிகள் ஏறத்தாழ நவம்பர் மாதம் முழுவதையும் அடைத்திருந்தன. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்து, பதினொரு நாட்கள் குறைவு. ஆகவே ரமளான் மாதம் பருவங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே இடத்திற்கு வந்து சேரும். 1930களிலிருந்து கணக்கிட்டால், ரமளான் நவம்பரில் அமைந்த காலங்கள் மூன்று: 1937ஐ ஒட்டிய ஆண்டுகள், 1970ஐ ஒட்டிய ஆண்டுகள், 2003ஐ ஒட்டிய ஆண்டுகள்.

இம்மூன்றில் எது என்பதை விளம்பரங்களே தீர்த்து வைத்தன. சைக்கிள் நிலையத்தார் ‘மணிக்கு 15 பைசா’ என்று வாடகையை அச்சிட்டிருந்தார். நம் நாட்டில் அணாக் கணக்கு மாறிப் பைசாக் கணக்கு வந்தது 1957 ஏப்ரல் முதல் தேதியில். எனவே 1937 கழிந்தது. மளிகைக்காரர் ‘பேரீச்சம்பழம் கிலோக் கணக்கில் கிடைக்கும்’ என்றிருந்தார். வீசையும் பலமும் போய்க் கிலோ வந்ததும் 1960களின் தொடக்கத்தில்தான். ஜவுளிக் கடையின் முகவரியில் ‘தமிழ்நாடு’ என்ற சொல் இருந்தது. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது 1969 ஜனவரி 14இல். அதே சமயம், 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்யும் முன்னர் வழங்கிய ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துகள், யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு அச்சாகியிருந்தன. எனவே 2003உம் கழிந்தது. 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் எந்த முகவரியிலும் காணப்படவில்லை. கடைசியாக, நவம்பர் முதல் தேதிக்கு நேரே ‘ஞாயிறு’ என்று இருந்தது. நாட்காட்டியைப் புரட்டினால், அது 1970ஆம் ஆண்டுக்கு மட்டுமே பொருந்துகிறது.

அக்காள் பிறந்த ஆண்டும் 1970தான்! தாயாரின் நினைவும் அட்டையின் சாட்சியமும் ஒத்துப்போயின.

ஐந்து சிறு விளம்பரங்கள் இல்லாவிட்டால் இந்த ஆண்டைக் கண்டறிவது எளிதன்று. ஆனால் நான் சொல்ல வந்த செய்தி அதனினும் பெரிது. அந்த ஐந்து வணிகர்களைப் பற்றி உலகில் அச்சான எழுத்து வேறு ஏதேனும் மிஞ்சியிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு. தலைவர்களுக்கு நூல்கள் உண்டு. ஒரு சிற்றூரில் நாற்பது ஆண்டுகள் நேர்மையாகக் கடை நடத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கண்மூடிய ஒரு மனிதருக்கு என்ன உண்டு? பெரும்பாலும் ஒரு விளம்பரக் கட்டம்தான் உண்டு.

விளம்பரத்தோடு பிறந்த பத்திரிகை

இந்தியாவில் அச்சான முதல் செய்தித்தாள் 1780 ஜனவரி 29இல் கல்கத்தாவில் வெளிவந்தது. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பவர் நடத்திய அந்தப் ‘பெங்கால் கெசட்’ இதழின் முழுப்பெயரிலேயே ‘கல்கத்தாவின் பொது விளம்பர ஏடு’ என்ற பொருளுடைய சொற்கள் இருந்தன. செய்தியும் விளம்பரமும் இரட்டைப் பிள்ளைகளாகவே இந்நாட்டில் பிறந்தன என்பது இதனால் விளங்கும். சென்னையின் ‘ஹிந்து’ நாளிதழ் 1958 வரையில் தன் முதற்பக்கத்தை விளம்பரங்களுக்கே ஒதுக்கியிருந்தது. இலண்டனின் ‘டைம்ஸ்’ 1966 வரையில் அவ்வாறே செய்தது.

நம் சமுதாயமும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. 1882ஆம் ஆண்டு, சென்னையில் ‘சுதேசமித்திரன்’ தொடங்கிய அதே ஆண்டில், இலங்கையில் அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார்கள். 1887இல் மகுதூம் சாயபு அவர்கள் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வார இதழை வெளியிட்டார்கள். சரக்கும் செய்தியும் ஒரே கப்பலில் பயணம் செய்த காலம் அது. வணிகர் வாழ்ந்த துறைமுகங்களிலேயே நம் பத்திரிகைகளும் தழைத்தன.

சிற்றூர் வணிகர் தம் ஊருக்கு வெளியே விற்க வழி திறந்தது அஞ்சல்துறை. 1877இல் வி.பி.பி. முறை வந்தது. பொருளைத் தபாலில் அனுப்பலாம். வாங்குபவர் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பொதியைப் பெற்றுக்கொள்ளலாம். அஞ்சலகம் அப்பணத்தை விற்றவருக்குச் சேர்க்கும். இதன்பின், ஒரு சிற்றூர் வைத்தியரின் தைலமோ, ஒரு நெசவாளரின் துணியோ, பத்திரிகையில் நான்கு வரி விளம்பரம் கண்டு நூறு கல் தொலைவிலிருந்து கேட்டு வாங்கப்படலாயிற்று. பெரிய கடைக்காரர்கள் ‘தந்தி விலாசம்’ என்று ஒற்றைச் சொல்லையும் விளம்பரத்தில் சேர்த்தனர். அந்தச் சொல்லையும் ஊர்ப் பெயரையும் எழுதினால் போதும், தந்தி கடைக்குப் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. பழைய விளம்பரங்களில் அந்த ஒற்றைச் சொற்கள் மட்டும் நிற்கின்றன.

ஊரின் பெயரே உத்தரவாதமாக நின்ற விளம்பரங்களும் உண்டு. மைசூரை அடுத்த நஞ்சன்கூடு என்ற சிற்றூரின் பெயர், 1913இல் அங்கே பி.வி. பண்டிட் தொடங்கிய வைத்திய சாலையின் பல்பொடியால் நம் வீடுகளுக்கெல்லாம் அறிமுகமாயிற்று. தாமிரபரணிக் கரையின் பத்தமடை, நம் சமுதாயப் பெண்டிர் கோரையில் நெய்யும் மெல்லிய பாயால் அறியப்பட்டது. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு தன் பெயரைக் கைலிக்கே கொடுத்துவிட்டது. மலாய் நாட்டார் இன்றும் கட்டம் போட்ட கைலியைப் ‘பெலிக்காட்’ என்றே அழைக்கிறார்கள். ‘இன்ன ஊர், இன்னார் கடை’ என்று சொல்வதற்கு அன்று அத்தனை மதிப்பு இருந்தது. பொருள் கெட்டால் ஊரின் பெயரும் சேர்ந்து கெடும் என்ற அச்சம் விற்பவருக்கும் இருந்தது.

ஊர் மாறிற்று, விளம்பரமும் மாறிற்று

1970இல் மணிக்குப் பதினைந்து பைசாவுக்கு சைக்கிள் வாடகைக்கு எடுத்த ஸ்ரீபெரும்புதூர் இன்று எப்படி இருக்கிறது? 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்வைத்தது. 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எட்டே ஆண்டுகளில், 2014 நவம்பரில், அது மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் சந்திக்கும் ஒரகடம், உலகத்து நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக நிற்கும் இடமாகிவிட்டது.

இந்த வளர்ச்சியால் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால், பத்திரிகைகளில் இவ்வட்டார விளம்பரங்கள் எப்படி மாறின என்பதையும் காண வேண்டும். மளிகைக்காரரும் தையற்காரரும் இருந்த இடத்தில் வீட்டுமனை விளம்பரங்கள் வந்தன. ‘ஒரகடத்திலிருந்து பத்தே நிமிடம்’, ‘தொழிற்பேட்டை அருகில்’, ‘இன்றே முந்துங்கள்’ என்னும் வரிகள் பக்கங்களை நிறைத்தன. வேலைக்கு ஆட்கள் தேவை என்னும் விளம்பரங்களும் உடன் வந்தன. இவற்றில் பலவற்றில், பழைய அட்டையில் எல்லாக் கட்டங்களிலும் கண்ட ஒன்று காணாமற் போயிருந்தது. உரிமையாளரின் பெயர் இல்லை. தெரு இல்லை. ஒரு கைபேசி எண் மட்டுமே இருந்தது.

நேர்மையாக மனை விற்போர் பலர் உண்டு. அனைவரையும் குறை சொல்வது நோக்கமன்று. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது முறையாகாது.

அக்காள் வாங்கிய மனை

மேலே சொன்ன என் அக்காளின் கணவர் வளைகுடா நாட்டில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவர். 2009இல் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மனை விளம்பரம் ஒன்றைக் கண்டார். ஒரகடம் பத்து நிமிடம், முப்பது அடிச் சாலை, பூங்காவுக்கு இடம், சில மனைகளே பாக்கி. கீழே ஓர் எண். விடுமுறை முடிய ஒன்பது நாட்களே இருந்தன. வேனில் அழைத்துச் சென்றார்கள், கொடிகள் நட்ட நிலத்தைக் காட்டினார்கள், குளிர்பானம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் பத்திரப்பதிவு முடிந்தது. மச்சான் மனநிறைவோடு விமானம் ஏறினார்.

2016இல் மகளின் படிப்புச் செலவுக்காக அந்த மனையை விற்க முனைந்தார்கள். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. மனைப்பிரிவுக்கு முறையான அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்ததால், விற்கவும் வழியில்லை. பத்து நிமிடம் என்ற தொலைவு காரில் நாற்பது நிமிடமாயிருந்தது. முப்பது அடிச் சாலை என்றது, அயலார் நிலத்தின் ஊடே போகும் வண்டிப்பாதை. பூங்கா இருந்த இடத்தில் வேறொருவர் வேலி போட்டிருந்தார். விளம்பரத்தில் இருந்த எண் உபயோகத்தில் இல்லை.

அக்காளும் நானும் ஒரு வழக்கறிஞரைக் கண்டோம். அவர் பத்திரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, “சாலையைப் பற்றியும் பூங்காவைப் பற்றியும் பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் அப்படிச் சொன்னதற்கு என்ன ஆதாரம்? அந்த விளம்பரத் தாளை வைத்திருக்கிறீர்களா அம்மா?” என்றார்.

அக்காள் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்தத் தாள் சமையலறை அலமாரித் தட்டில் சில மாதம் விரிப்பாகக் கிடந்து, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. எந்தத் தேதிப் பத்திரிகை என்பதும் நினைவில்லை. பதினெட்டு ஆண்டு உழைப்புக்குக் கொடுத்த வாக்குறுதி, கிலோ சில ரூபாய்க்கு வீட்டை விட்டு வெளியேறியிருந்தது.

அரசு 2017இல் கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தின்கீழ்க் கட்டணம் செலுத்தி, மனை இப்போது ஒருவாறு நேராகியிருக்கிறது. சாலை மட்டும் வரவில்லை. மகளின் படிப்புக்கு அக்காளின் வளையல்கள்தாம் உதவின.

1970ஆம் ஆண்டின் அட்டையைக் கையில் எடுத்தபோது எனக்கு இந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வந்தது. பதினைந்து பைசா சைக்கிள் வாடகையின் விளம்பரம் அரை நூற்றாண்டுக்கு மேல் பத்திரமாக இருக்கிறது. பல இலட்சம் ரூபாய் மனையின் விளம்பரம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. இதற்குக் காரணமும் உண்டு. அட்டையின் ஓரத்தில் அரபு எழுத்தில் நிய்யத் அச்சாகியிருந்ததால், அதைக் காலில் படும்படி எறிய என் தாயாருக்கு மனம் வரவில்லை. இறைவசனமோ துஆவோ உள்ள தாளை நம் வீடுகளில் மரியாதையாக எடுத்து வைப்பார்கள் அல்லவா? அந்த மரியாதையின் நிழலில் ஐந்து கடைக்காரர்களின் பெயர்களும் பிழைத்துக்கொண்டன.

இன்று சட்டம் சொல்வது

அக்காளுக்கு நேர்ந்தது இனி ஒருவருக்கு நேரக்கூடாது. எனவே சில செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவு போடுவோர், ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் விளம்பரத்தில் இடம்பெற வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். எண் இல்லாத மனை விளம்பரத்தைக் கண்டால் விலகி நிற்பதே அறிவுடைமை.

இரண்டு: விளம்பரத்தில் கண்ட பொய்யான செய்தியை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புக்குள்ளானவர் இழப்பீடு கோரலாம், விலக விரும்பினால் கொடுத்த பணத்தை வட்டியோடு திரும்பப் பெறவும் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் விளம்பரத்தைக் காட்ட வேண்டுமே! தாளை வெட்டி, பத்திரிகையின் பெயரையும் தேதியையும் எழுதி, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். கைபேசியில் வந்த விளம்பரமானால் படம் எடுத்து வையுங்கள்.

மூன்று: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பொய் விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நோயைக் குணமாக்குவதாக மாயம் பேசும் மருந்து விளம்பரங்களுக்கோ 1954ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

நான்கு: எதையும் விற்காத ஒருவகை விளம்பரமும் உண்டு. மிகச் சிறிய எழுத்தில், கிராமப் பெயர்களும் சர்வே எண்களும் அடுக்கி வரும் நில எடுப்பு அறிவிப்பே அது. 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, அவ்வட்டாரத்தில் வழங்கும் இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும், ஒன்றாவது வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாட்கள். 2014இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது அறுபது நாட்கள். தொழிற்பேட்டைகளுக்கான நிலங்களுக்குத் தமிழகத்தில் 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. அதன் நடைமுறை வேறு. எச்சட்டமாயினும், கெடு நாள் கடந்தபின் வருந்திப் பயனில்லை. இவ்வட்டாரத்தில் நிலம் உள்ளவர்கள் அந்தச் சிறிய எழுத்துகளைப் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். கண் மங்கிய பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள்.

சட்டம் இத்தனை வகுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி நம் பிள்ளைகளும் அறிந்ததே. பெயரையும் முகவரியையும் மறைக்கும் விளம்பரம், ஈரத்தை அடியில் மறைக்கும் குவியலைப் போன்றது. நம்மில் விற்பவர்கள் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போனேன். ஆலைப் பேருந்துகளின் நெரிசலில் தெருவே அடையாளம் தெரியவில்லை. நான்கு கடைகளைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாவதாக, சைக்கிள் நிலையம் இருந்த இடத்தை ஒரு முதியவர் காட்டினார். அங்கே இப்போது கைபேசி பழுது பார்க்கும் கடை. உள்ளே இருந்த இளைஞரிடம் அட்டையை நீட்டினேன். அவர் கடைசிக் கட்டத்தைப் படித்துவிட்டு, சற்று நேரம் பேசாமலிருந்தார். “இது எங்கள் தாத்தாவின் பெயர். அவர் பெயரை அச்சில் இப்போதுதான் பார்க்கிறேன், ஐயா” என்றார். வீட்டில் அவருடைய புகைப்படம்கூட இல்லையாம். அட்டையைத் தம் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். தேநீர் அருந்தாமல் போகக் கூடாதென்று உட்கார வைத்துவிட்டார்.

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் துண்டு அறிக்கைகளையும்கூடத் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் மறைவுக்குப்பின் அந்தச் சேகரிப்பே 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. பிறர் குப்பை என்று எண்ணியதை ஒருவர் எடுத்து வைத்ததால் ஒரு நூலகமே உண்டாயிற்று.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய தாள்கள் இருக்கும். பழைய ரமளான் அட்டைகள், மதரஸா ஆண்டு விழா மலர்கள், பள்ளிவாசல் திறப்பு விழா மலர்கள், கடைக்காரர் கொடுத்த நாட்காட்டிகள் ஆகியவற்றின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். வீட்டுப் பெரியவரிடம் காட்டி, அந்தக் கடைக்காரர் யார், எந்தத் தெரு, இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பின்புறத்தில் எழுதி வையுங்கள். அவரைக் கேட்கும் வாய்ப்பு என்றும் இருக்காது.

அடுத்த ரமளானுக்கு உங்கள் தெருக் கடைக்காரர் ஓர் அட்டை கொடுப்பார். மாதம் முடிந்ததும் அதைக் கழற்றி, கிழியாத இடத்தில் ஆண்டை எழுதி, பெட்டியில் வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த ரமளான் அதே தேதிக்குச் சுற்றி வரும்போது அதை எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு நம் தெருவின் பெயரும், அதில் வாழ்ந்தவர்களின் பெயரும் கிடைக்கும்.